லெந்து நாட்களைக் கூட்டியவள்

என் மதினியை மன்னித்துவிட்டீர்களா என்று போன மாதம்கூட ஒரு போதகர் கேட்டார். இல்லை ஐயா என்றேன். இந்த வயதிலுமா என்பதுபோலப் பார்த்தார். வயதுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. மூட்டு தேய்ந்திருக்கிறது, கண்ணில் புரை விழுந்திருக்கிறது, கோபம் மட்டும் வந்த அன்று இருந்தபடியே இருக்கிறது. அவளை நான் ஒரே ஒரு தடவை ஜெயித்தேன். அந்த ஜெயம் என் மர பீரோவில், கல்யாணப் பட்டுக்கு அடியில், ஓர் உறைக்குள் கிடக்கிறது.

மதினி என்றால் என் கணவரின் அக்கா. தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். தூத்துக்குடியில் எங்கள் சபையின் சின்ன ஆஸ்பத்திரியில் பிரசவ நர்ஸாக இருந்தாள். தெருவில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். வெள்ளைப் புடவையும் தோல் பையுமாக அவள் நடந்து வந்தால் ஆண்கள் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பார்கள். சபைக் கமிட்டியில் பெண்களுக்கு இடம் கிடையாது. ஆனால் அவளைக் கேட்காமல் கமிட்டி ஒரு நாற்காலியைக்கூட இடம் மாற்றாது.

நான் சாத்தான்குளத்துக்காரி. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் ஆட்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாளும் லெந்து நாட்கள், அதாவது உபவாச காலம். அந்த நாட்களில் யாருக்கும் கல்யாணம் நடக்காது. அதனால் லெந்து தொடங்கும் முன்பே நிச்சயம் செய்துவிட்டு, ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணத்தை வைப்பார்கள். எனக்கும் அப்படித்தான் நடந்தது. நடுவில் இருந்த வாரங்களில் மாப்பிள்ளை இரண்டு தடவை மக்ரூன் பொட்டலத்தோடு பஸ் பிடித்து வந்தார். முன்னறையில் அப்பாவோடு உட்கார்ந்து, புதிதாகக் கட்டுகிற துறைமுகத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். நான் காபியை வைத்துவிட்டு உள்ளே போனேன். அப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. எங்கள் காதல் இவ்வளவுதான்.

ஈஸ்டர் முடிந்த வாரம் கல்யாணம். நவம்பர் மழையில், ஏழாம் மாதம், தாய்வீட்டுக்குப் போகப் பெட்டி கட்டி வைத்திருந்த அன்று வலி வந்தது. மதினிதான் பிரசவம் பார்த்தாள். பெண் குழந்தை. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டது. மூச்சு இழுத்து இழுத்து விட்டது. போதகர் ஓடி வந்து என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஞானஸ்நானம் கொடுத்தார். இரண்டாம் நாள் விடியும்போது என் நெஞ்சின் மேலேயே அடங்கிப்போனது.

அதைக் குளிப்பாட்டிய மதினி அதன் கையை விரித்து வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு அறையிலிருந்த மற்றப் பெண்களுக்கும் காட்டினாள்.

"நகம் விரல் நுனிக்கு வந்துட்டு பாத்தியளா. இது ஏழு மாசப் பிள்ளை இல்ல. நான் எத்தன பிள்ள எடுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

நான் பால் கட்டிய நெஞ்சோடு அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். எனக்கு முதலில் புரியவில்லை. மத்தியானத்துக்குள் புரிந்துவிட்டது.

கமிட்டிக்காரர்கள் எங்கள் முன்னறையிலேயே கூடி விரல் விட்டு எண்ணினார்கள். கல்யாணத்திலிருந்து எண்ணினால் ஏழு. நிச்சயத்திலிருந்து லெந்து நாட்களையும் கூட்டினால் ஒன்பது. அந்தக் கூட்டலைச் சொல்லிக்கொடுத்தவள் என் மதினி. அடக்கப் பதிவேட்டில் என் குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில் "விவாகத்துக்கு முன் கருவுற்றது" என்று சிவப்பு மையில் எழுதினார்கள். அப்படி எழுதப்பட்ட குழந்தைக்கு எங்கள் சபையில் துக்க மணி அடிக்க மாட்டார்கள். ஞானஸ்நானம் பெற்ற எந்த உயிர் போனாலும், பெட்டி வீட்டை விட்டுக் கிளம்பும்போது கோயில் மணி அடிக்கும். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள்கூட நிமிர்ந்து நின்று தலைத்துணியை எடுப்பார்கள். என் பிள்ளை கிளம்பியபோது மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

எனக்கும் கணவருக்கும் திருவிருந்து நிறுத்தப்பட்டது. அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் வரிசையில் நிற்கக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் முழங்கால் போட்டுத் தவறை ஒத்துக்கொண்டால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள்.

"அக்கா சொல்லுதா. ஒரு தடவ முழங்கால் போட்டா முடிஞ்சிரும்லா. உண்மை நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும்" என்றார் கணவர்.

"தெரிஞ்சுமா முழங்கால் போடுதிய?" என்றேன்.

போட்டார். அக்கா வளர்த்த பிள்ளை, அவருக்கு முழங்கால் தானாக மடங்கும். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஈஸ்டர் வரை அவரோடு நான் பேசவில்லை. முழங்காலும் போடவில்லை. அந்தச் சிவப்பு வரியை அடித்து, என் பிள்ளைக்கு மணி அடிக்கும் வரை அப்பத்தைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

இரண்டாவது கர்ப்பம் ஆறாம் மாதத்தில் போயிற்று. இந்த முறை எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. மதினி கைகழுவிக்கொண்டே, "ஒளிச்சு வச்சது ஒருநாள் பேசும்ளா" என்றாள். அந்த வாக்கியத்தை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

என் கணவருக்குத் துறைமுகத்தில் அளவைப் படகில் வேலை. கப்பல் வருகிற வாய்க்காலில் ஆழம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். படகில் ஒரு மிஷின் இருந்தது. அது தண்ணீருக்குள் சத்தத்தை அனுப்பும். சத்தம் தரையில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்து, ஒரு முள் காகிதச் சுருளில் கடலின் அடியைக் கோடாக இழுக்கும். வேண்டாத சுருள்களை அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். நான் அலமாரித் தட்டில் விரித்துவைப்பேன். எங்கள் வீட்டு உப்பு ஜாடியும் புளிப்பானையும் மன்னார் வளைகுடாவின் தரைமேல்தான் நின்றுகொண்டிருந்தன.

மூன்றாவது முறை எனக்கு மூன்று மாதமாக இருக்கும்போது, அவர் ஒருநாள் அந்தத் தட்டிலிருந்து காகிதத்தை உருவி என் முன்னால் விரித்தார்.

"இதே மிஷின் மெட்ராஸ்ல ஒரு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்காம். எங்க ஆபீசர் வீட்டம்மாவுக்குப் பாத்திருக்காவ. வயித்துக்குள்ள சத்தத்த அனுப்பி பிள்ளையப் படமாக் காட்டுமாம். முன்கூட்டியே வந்திருமா, தங்குமான்னு சொல்லுதாங்களாம்" என்றார்.

"கடலுக்கு அடிய எல்லாம் பாத்து முடிச்சிட்டு இப்பத்தான் பொம்பள வயித்துக்கு வந்திருக்காகளா" என்றேன். ஆனால் அன்றே பெட்டியை எடுத்தேன். முழங்கால் போட்டதற்கு அவர் என்னிடம் கேட்ட மன்னிப்பு அந்த ரயில் டிக்கெட்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

மெட்ராஸில் செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். சிறுநீர்ப்பை நிறைந்தால்தான் உள்ளே தெளிவாகத் தெரியுமாம். வயிற்றில் எண்ணெய் தடவி, ஒரு கைப்பிடியை அழுத்தி இழுத்தார்கள். சின்னத் திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ நகர்ந்தது. டாக்டரம்மா குள்ளமான, மெதுவாகப் பேசுகிற பெண். திரையை என் பக்கம் திருப்பி, பேனா முனையால் காட்டினார். மேலே பிள்ளை இருந்தது. கீழே கருப்பையின் வாய் குட்டையாகி, மேல்பக்கம் லேசாகப் பிளந்திருந்தது. உப்பளத்தில் பாத்திக்கும் வாய்க்காலுக்கும் நடுவே மண்ணை வைத்து மடை கட்டுவார்கள். மண் கரைந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"வலி இல்லாமலே திறக்குதும்மா. இப்படியே விட்டா இதுவும் சீக்கிரம் வந்துடும். தையல் போட்டுக் கட்டிடலாம். இந்த மிஷின் புதுசு, அது சொல்றதையே வேதவாக்கா எடுத்துக்க மாட்டேன். கையால பார்த்தும் எனக்கு அப்படித்தான் தெரியுது" என்றார்.

முந்திய இரண்டையும் பற்றிக் கேட்டார். நகத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"எட்டாம் மாசம் ஆரம்பிக்கிறப்பவே நகம் விரல் நுனிக்கு வந்துடும்மா. அதை வச்சு நிறைமாசம்னு யார் சொன்னது?"

"எங்க நர்ஸ்" என்றேன்.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சந்தோஷம் மாதிரி ஒன்று வந்தது, ஆனால் அது சந்தோஷமில்லை. மதினியின் குரல்வளையில் கை வைத்தால் என்ன தோன்றுமோ அது.

தையல் போட்டார்கள். உறவுக்காரர் வீட்டில், கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்திய கட்டிலில், ஐந்து மாதம் படுத்தே கிடந்தேன். பெண் பிறந்தாள். பெரிய குரலில் அழுதாள். ஊருக்குக் கிளம்பும்போது டாக்டரம்மா ஒரு கடிதம் கொடுத்தார். இவளுக்குக் கருப்பையின் வாய் பலவீனம், முதல் குழந்தையும் இதனால் குறைமாதத்தில் பிறந்திருக்கவே வாய்ப்பு அதிகம், நகத்தைக் கொண்டு நிறைமாதம் என்று முடிவு செய்ய முடியாது என்று எழுதியிருந்தார். முதல் நாள் மிஷினிலிருந்து எடுத்திருந்த ஒரு சின்னக் கறுப்பு வெள்ளைப் படமும் சேர்த்துக் கொடுத்தார்.

இரண்டையும் கமிட்டி முன்னால் வைத்தேன். காரியதரிசி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "மெட்ராஸ் டாக்டர் இந்தப் பிள்ளையத்தான பாத்திருக்காங்க. அந்தப் பிள்ளைய ஒங்க மதினிதான பாத்தாங்க" என்றார்.

மதினி படத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள்.

"மழை பெஞ்ச ஜன்னல் மாதிரி இருக்கு. பிள்ள எப்ப வரும்னு கர்த்தருக்குத்தான் தெரியும். மிஷின் சொல்லுமாக்கும். இத நம்பியா பதிவேட்டத் திருத்தணும்?"

எல்லாரும் சிரித்தார்கள். படத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வருடம் மதினியின் மகளுக்கு உடன்குடியில் சம்பந்தம் அமைந்தது. கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்கிற வீடு. வழக்கம்போல லெந்துக்கு முன்னால் நிச்சயம், ஈஸ்டர் முடிந்து கல்யாணம். மாப்பிள்ளையிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது. லெந்து நாட்களில் அவன் வந்துபோன சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. மாமனாரோடு உட்கார்ந்து துறைமுகத்தைப் பற்றிப் பேசுகிற ஆள் இல்லை அவன். எனக்கென்ன என்று இருந்தேன்.

செப்டம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை, மதினி என் வீட்டுப் பின்வாசல் வழியாக வந்தாள். பின்வாசல் என்பதை நான் கவனித்தேன். கையில் ஓலைக் கொட்டானில் கருப்பட்டி இருந்தது. அடுக்களையில் முக்காலியை இழுத்துப் போட்டு அவளாகவே உட்கார்ந்தாள்.

"மகளுக்கு அஞ்சு மாசம்ளா. வயிறு இறங்குன மாதிரி இருக்கு. ஒனக்கு வந்த மாதிரி சீக்கிரம் வந்திரும்னு தோணுது" என்றாள்.

"நீங்க பாக்காத வயிறா மதினி?"

"பாத்துட்டுத்தான் சொல்லுதேன். ஒன் டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போ. பிள்ள சீக்கிரம் வரும்னு அந்த மிஷின்ல பாத்து முன்கூட்டியே ஒரு காகிதம் வாங்கித் தா. இல்லன்னா ஊர்ல..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஏழாம் மாதத்தில் பிள்ளை வந்தால் ஊர் விரல் விட்டு எண்ணும். எண்ணச் சொல்லிக்கொடுத்ததே அவள். லெந்து நாட்களைக் கூட்டினால் ஒன்பது வரும்.

நான் அடுப்பிலிருந்த பாலை இறக்கிவைத்தேன். எவ்வளவு நிதானமாக இறக்கிவைத்தேன் என்பது இன்றும் ஞாபகம் இருக்கிறது.

"மிஷின நம்பலாம்னா என் விசயத்துலயும் நம்பணும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சு கமிட்டி முன்னால நீங்க சொல்லணும். அந்தச் செவப்பு வரிய அடிக்கணும். என் பிள்ளைக்கு மணி அடிக்கணும். அன்னைக்கே ரயில் ஏறுவோம்."

"ஞாயித்துக்கிழமைக்கு அஞ்சு நாள் இருக்கு. அதுக்குள்ள பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டுன்னா?"

"என் பிள்ளைக்கு ஆயிட்டே மதினி" என்றேன்.

அந்தப் பெண்ணுக்கு என்னைப்போலவே வாய் திறந்திருந்தால் ஐந்து நாள் என்பது என்ன என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்தேதான் சொன்னேன். அந்தப் பெண்ணின்மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. அவள் என்னை அத்தை அத்தை என்று சுற்றி வந்தவள். ஐந்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை. நல்லவளாகக் காட்டிக்கொள்ள இதை நான் மறைக்கப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னாள். பத்துப் பதினைந்து ஆண்கள் முன்னால், புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு சொன்னாள்.

"அது ஏழு மாசப் பிள்ளைதான். நகத்த வச்சு நான் சொன்னது தப்பு. லெந்து நாட்களக் கூட்டுனதும் தப்பு."

காரியதரிசி பதிவேட்டை எடுத்து, அளவுகோல் வைத்துச் சிவப்பு வரியை அடித்தார். போதகர் கையெழுத்துப் போட்டார். எத்தனை தடவை அடிக்க என்று, மணிக்கயிற்றைப் பிடித்து நின்ற கோயில்பிள்ளை என்னைக் கேட்டார். இரண்டு என்றேன். அவள் இரண்டு நாள்தான் இருந்தாள்.

அடித்தது. கடைத்தெருவில் யார் செத்தது என்று விசாரித்தார்களாம். என் கணவர் கோயில் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் தேற்றவில்லை. என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டாவது மணியின் ரீங்காரம் முழுக்க அடங்கும் வரை நின்று கேட்டேன். அடுத்து ரயிலுக்குச் சோறு கட்ட வீட்டுக்குப் போனேன்.

மெட்ராஸில் அதே அறை, அதே மிஷின், அதே டாக்டரம்மா. மதினியின் மகள் எண்ணெய் தடவிய வயிற்றோடு படுத்திருந்தாள். மதினி கால்மாட்டில் நின்றாள். டாக்டரம்மா கைப்பிடியை அப்படியும் இப்படியும் இழுத்து, திரையில் பிள்ளையின் தலையை நிறுத்தி அளந்தார். இரண்டாவது தடவையும் அளந்தார். பிறகு சிரித்தார்.

"பயப்பட ஒண்ணுமில்ல. வாய் நல்லா நீளமா, மூடி இருக்கு. குறைமாசத்துல வராது. ஏழு மாசம் முடியப்போகுது, இன்னும் ரெண்டு மாசத்துல சரியான நேரத்துக்கு வந்துடும்."

"அஞ்சு மாசம் டாக்டர்" என்றாள் மதினி.

"அஞ்சு மாசத்துத் தலை இவ்வளவு பெரிசா இருக்காதும்மா. ரெண்டு மூணு வாரம் முன்னே பின்னே சொல்லலாம். ரெண்டு மாசம் தப்பாது."

அந்தப் பெண் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய காது மடல் சிவந்திருந்தது. மதினி மகளின் புடவையை இழுத்து வயிற்றை மூடினாள். ஆயிரம் வயிற்றைத் தடவிய அவள் கைக்கு இது முதலிலேயே தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் வந்திருக்கிறாள். மிஷின் ஏதாவது தப்பாகச் சொல்லி, மகளைக் காப்பாற்றிவிடாதா என்று வந்திருக்கிறாள். மழை பெய்த ஜன்னல் என்று சொன்னவள் அந்த ஜன்னலையே நம்பி வந்திருந்தாள்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் எழுதி, படத்தையும் வைத்து, உறையை மதினியிடம் கொடுத்தார். வெளியே நடைவழியில் அவள் நின்றுவிட்டாள். உறையை முன்னும் பின்னும் புரட்டினாள்.

"கிழிச்சுப் போட்டுரட்டாளா?" என்றாள். என்னிடம் அவள் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை.

"தாங்க" என்று கையை நீட்டினேன்.

கொடுத்துவிட்டாள்.

நவம்பரில் பையன் பிறந்தான். கல்யாணத்திலிருந்து எண்ணினால் எட்டு மாதம்கூட ஆகவில்லை. கொழுகொழுவென்று இருந்தான். அறை நிறையப் பெண்கள். மதினி அவனைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "குறைமாசப் பிள்ள. கர்த்தர் காப்பாத்திட்டாரு" என்றாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மெட்ராஸுக்குக் கூட்டிப்போனவள் நான். மிஷின் சொன்னது எனக்குத்தான் தெரியும்.

நான் பிள்ளையைக் கையில் வாங்கினேன். சுற்றியிருந்த துணியை விலக்கி, அதன் கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து வெளிச்சத்தில் பார்த்தேன். நகம் விரல் நுனியைத் தாண்டி வளைந்திருந்தது. அவசரப்படாமல் பத்து விரலையும் பார்த்தேன். மதினி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நகத்த வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, என்ன மதினி?" என்றேன்.

"ஆமா" என்றாள்.

ஏன் சொல்லாமல் விட்டாய் என்று என் கணவர் ஒரு தடவை கேட்டார். இரக்கப்பட்டேன் என்று நினைத்துக்கொண்டார். பாதி சரிதான். அந்தப் பையனின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மை விழுவதை நான் விரும்பவில்லை. மீதிப் பாதியை நான் அவரிடம் சொன்னதில்லை. அன்று சொல்லியிருந்தால் மதினிக்கு எல்லாம் ஒரு நாளில் முடிந்திருக்கும். அழுதிருப்பாள், முழங்கால் போட்டிருப்பாள், ஊர் மறந்திருக்கும். நான் முடியவிடவில்லை. அதற்குப் பிறகு அவள் இருபத்தொரு வருடம் உயிரோடு இருந்தாள். ஒவ்வொரு வருடமும் லெந்து தொடங்கும் புதன்கிழமை சாயங்காலம், அழைக்காமலே, என் வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுப் போவாள். நான் பீரோவைத் திறந்து கல்யாணப் பட்டை எடுத்து உதறி, மடித்து, அந்த உறையின் மேலேயே திரும்ப வைத்துவிட்டு வந்து அவள் எதிரே உட்காருவேன்.